செம்புக் குழாயா, குமிழ் வைத்த பெட்டியா

மார்ச் 7, திங்கள்
சிகரெட்: 17

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் நோர்லைலா இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் எத்தனை பிடித்தேன் என்று எழுதச் சொன்னார். எப்போது பிடிக்கத் தோன்றியது, அப்போது மனது எப்படி இருந்தது, அதையும் எழுத வேண்டுமாம். மாதம் ஒரு முறை பார்ப்பார். அவர் மலாய்க்காரர், தமிழ் தெரியாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, மீதியைக் கவிதை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். மே 20, வெள்ளிக்கிழமை, என் இடது சிறுநீரகத்தை எடுத்து என் மனைவி லீலாவுக்கு வைக்கப்போகிறார்கள். அதற்கு எட்டு வாரம் முன்பிருந்து, அதாவது மார்ச் 25 முதல், நான் ஒரு சிகரெட்கூடப் பிடிக்கக் கூடாது. மெஷினில் ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள். மாட்டிக்கொண்டால் தேதி போய்விடும். அடுத்த தேதி இந்த வருஷத்தில் கிடையாது என்று டாக்டர் சுவா சொல்லிவிட்டார்.

லீலாவுக்கு இரண்டு வருஷமாக டயாலிசிஸ். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் தம்பிக்குச் சர்க்கரை, அவன் கொடுக்க முடியாது. எனக்குத்தான் எல்லாம் பொருந்தியது. "கொடுக்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்டபோது லீலா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொடுக்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 8, செவ்வாய்
சிகரெட்: 16

ஒன்று குறைத்திருக்கிறேன். கைதட்டுங்கள்.

மார்ச் 10, வியாழன்
சிகரெட்: 18

சூயிங்கம் மென்று மென்று தாடை வலிக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் இன்று மூன்றாவது லைன் மோட்டார் நின்றுவிட்டது. பிரேக்கரை இறக்கி, பெட்டியைத் திறந்து, கருகிய ஒயரைக் கண்டுபிடிப்பதற்குள் மேனேஜர் ஐந்து முறை போன் செய்துவிட்டார். பத்தொன்பது வருஷமாக நான்தான் இங்கே மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன். மோட்டார் கெட்டுப்போனால் எனக்குத் தெரியும். அவர் போன் செய்வதால் அது சீக்கிரம் ஓடாது. வெளியே வந்து நான்கு சிகரெட் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை நறுக்கி, இரண்டு முறை வேகவைத்து, இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டினேன். லீலாவுக்கு அப்படித்தான் சமைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். அந்தக் கறிக்கு ருசி என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் "நல்லா இருக்குங்க" என்றாள்.

மார்ச் 12, சனி
சிகரெட்: 15

செவ்வாய், வியாழன், சனி காலையில் லீலாவுக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம். மற்ற நாட்களில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவேன், மதியம் அவள் டாக்சியில் வந்துவிடுவாள். சனிக்கிழமை மட்டும் காத்திருப்பேன். இன்று சும்மா நடந்தபோது இரண்டு கடை தள்ளி ஒரு வேப் கடையை, அதாவது எலெக்ட்ரானிக் சிகரெட் கடையை, பார்த்தேன். நடத்துகிறவன் ரூபன், முப்பது வயசு இருக்கும், முன்பு மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருந்தானாம்.

கண்ணாடி மேசையில் இரண்டு சாமான்களை எடுத்து வைத்தான். ஒன்று செம்புக் குழாய். உள்ளே ஒரு பேட்டரி, மேலே காயில் என்கிற சின்னக் கம்பிச்சுருள், அதற்குள் பஞ்சு, அடியில் ஒரு பொத்தான். இன்னொன்று கையில் அடங்குகிற பெட்டி. பக்கத்தில் ஒரு குமிழ். திருப்பினால் வோல்டேஜ் 3.3-இலிருந்து 4.8 வரை ஏறும்.

"அண்ணே, உங்களுக்குப் பெட்டிதான். இதுக்குள்ள ஒரு போர்டு இருக்கு. காயில் தப்பா இருந்தா அடிக்காது. பேட்டரி சூடானா அடிக்காது. பத்து செகண்டு அமுக்கினா தானா நின்னுரும்."

"அந்தக் குழாய்?"

"அந்த மெக்கானிக்கலா? அதுல ஒண்ணுமே இல்ல லா. பேட்டரி, செம்பு, காயில். அதுல நீங்கதான் போர்டு."

எனக்குச் சுருக்கென்றது. நானூற்றுப் பதினைந்து வோல்ட்டில் கை வைக்கிறவனிடம் மூன்றே முக்கால் வோல்ட்டுக்குப் பாடம் எடுக்கிறான். நான் யார் என்று சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் தலையாட்டினான்.

"அதனாலதான் சொல்றேன், அண்ணே. புதுசா வர்றவன் பயந்து பயந்து அமுக்குவான். கரண்ட்டு தெரிஞ்சவங்கதான் கை சுட்டுக்குவாங்க."

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, காரில் உட்கார்ந்து இரண்டு சிகரெட் பிடித்தேன்.

மார்ச் 15, செவ்வாய்
சிகரெட்: 15

டாக்டர் புகை பிடிக்கக் கூடாது என்றார். வேப்பில் வருவது புகை இல்லை, ஆவி. மெஷின் கண்டுபிடிப்பதும் புகையைத்தான். சிஸ்டரிடம் இதைக் கேட்கலாம். ஆனால் கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

மார்ச் 19, சனி
சிகரெட்: 9

பெட்டியை வாங்கிவிட்டேன். குமிழை 3.6-இல் வைத்துக் கொடுத்தான் ரூபன். முதல் இழுப்பில் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். மூன்றாவதில் பழகிவிட்டது. மாம்பழ வாசம். நாற்பத்தாறு வயதில் மாம்பழ வாசத்தோடு அலைகிறேன்.

லீலா காரில் ஏறியதும் மூக்கைச் சுருக்கினாள். காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பத்திரம்தானே?" என்றாள். உள்ளே போர்டு இருக்கிறது என்றேன்.

மார்ச் 25, வெள்ளி
சிகரெட்: 0

பூஜ்யம். எழுதிவிட்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது. 4.1-இல் வைத்தால் தொண்டையில் சிகரெட் மாதிரியே ஒரு பிடி பிடிக்கிறது.

மார்ச் 30, புதன்
சிகரெட்: 0

துணி துவைக்கும் மெஷினில் தண்ணீர் வடியவில்லை. குழாயைக் கழற்றினால் உள்ளே லீலாவின் தலைப்பின்.

ஏப்ரல் 4, திங்கள்
சிகரெட்: 0

மெஷினில் ஊதினேன். 2 என்று காட்டியது. பிடிக்காதவர்களுக்கே அப்படித்தான் வருமாம். சிஸ்டர் நோர்லைலா நோட்டின் மேலே ஒரு நட்சத்திரம் ஒட்டினார். "வேறு எதுவும் எடுப்பதில்லையே?" என்று கேட்டார். சூயிங்கம் என்றேன்.

லீலா வாசல் வரை வந்து காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். காரில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், கியர் மாற்றும்போதுகூட விடவில்லை. இன்னும் நாற்பத்தாறு நாள் என்றாள். எனக்கும் தெரியும். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏப்ரல் 8, வெள்ளி
சிகரெட்: 0

டாக்டர் சுவா கூப்பிட்டிருந்தார். முதலில் லீலாவைத் தனியாக, பிறகு என்னைத் தனியாக. எல்லா ஜோடிகளையும் இப்படித்தான் செய்வார்களாம்.

ஆபத்துகளை வரிசையாகப் படித்தார். ரத்தக் கசிவு, நோய்த்தொற்று. மூவாயிரம் பேரில் ஒருவர் ஆபரேஷன் மேசையிலேயே இறக்கலாம். தொழிற்சாலையில் இதைவிட மோசமான கணக்குகளோடு வேலை செய்கிறேன் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ்டர் தேவராஜன், விருப்பம் இல்லை என்றால் இப்போதே சொல்லலாம். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதுகூடச் சொல்லலாம். 'உடல் பொருந்தவில்லை' என்று மட்டும் உங்கள் மனைவியிடம் சொல்வோம். காரணம் யாருக்கும் தெரியாது."

என்ன கேள்வி இது? இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குக் கொடுக்கமாட்டேன் என்பேனா? என்னை என்னவென்று நினைத்தார்? கோபமாகவே கேட்டேன். "எல்லாரிடமும் கேட்பதுதான்" என்றார். கையெழுத்துப் போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு முறை போட வேண்டியிருந்தது.

சாயங்காலம் ரூபன் கடைக்குப் போய், பெட்டியைக் கொடுத்துவிட்டுச் செம்புக் குழாயை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, சனி
சிகரெட்: 0

குழாய்க்கு ஏன் மாறினேன் என்பதை எழுதிவைக்கிறேன். பெட்டி நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. விளக்கைச் சிமிட்டுகிறது. எனக்காக ஒரு மெஷின் முடிவெடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. செம்பு நல்ல செம்பு, கனமாக இருக்கிறது, ருசியும் சுத்தம். அவ்வளவுதான் காரணம்.

ரூபன் இரண்டு விஷயம் சொன்னான். பொத்தானுக்கு மேலே ஒரு வளையம் இருக்கிறது, கீழே வைக்கும்போதெல்லாம் அதைத் திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் நிற்க வைத்தால் தன் பாரத்திலேயே பொத்தான் அமுங்கும். "ரெண்டாவது, காயில் சுத்தினா ஓம்ஸ் பார்க்காம போடாதீங்க. இந்தப் பேட்டரிக்குப் பாயிண்ட் டூவுக்குக் கீழ போச்சுன்னா அது வேப் இல்லண்ணே, வெடி."

மீட்டர் என்னிடமே இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 14, வியாழன்
சிகரெட்: 0

வருஷப் பிறப்பு. காலையில் டயாலிசிஸ், சாயங்காலம் கோவில். பூஜை முடிந்ததும் கோவில் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "நம்ம தேவராஜன், தன் மனைவிக்காகத் தன் உடம்பையே பங்கு போடப்போறாரு" என்று சொல்லி எனக்கு மாலை போட்டார். அத்தனை பேரும் கை தட்டினார்கள். ஓர் அம்மா என் காலைத் தொட வந்துவிட்டார், தாவி விலகினேன். லீலா தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மாலையின் சம்பங்கி வாசம் இன்னும் சட்டையில் இருக்கிறது. கழற்றி ஊறப்போடப் போகிறேன்.

ஏப்ரல் 19, செவ்வாய்
சிகரெட்: 0

நானே காயில் சுற்றினேன். தொழிற்சாலை மீட்டரில் 0.5. ஆவி நன்றாக வருகிறது.

ஏப்ரல் 23, சனி
சிகரெட்: 0

கொஞ்சம் தடித்த கம்பி. மீட்டரில் 0.4. இன்னும் நன்றாக வருகிறது. குழாய் லேசாகச் சுடுகிறது. செம்பு என்றால் சுடத்தான் செய்யும்.

ஏப்ரல் 27, புதன்
சிகரெட்: 0

வெளியிலிருந்து வந்த காண்டிராக்டர் சுகுமாறன் ஹீட்டர் கம்பியை என் மீட்டரில் அளந்து, அந்த எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிவிட்டான். பிடித்துத் திட்டினேன். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடவைத்துக் காட்டினேன். திரையில் 0.2 வந்தது. "எதையுமே அளக்கல, பாயிண்ட் டூ காட்டுது பாத்தியா? ஒயரோடது அது. பெரிய மோட்டார்ல இது கணக்கே இல்ல. சின்னதா அளக்கும்போது மொதல்ல இத கழி, அப்புறம் எழுது. இதுகூடவா தெரியாம வேலைக்கு வர்றீங்க?" பாவம், பத்து வருஷ அனுபவக்காரன், முகம் சிவந்துவிட்டது.

சாயங்காலம் புதுக் காயில் சுற்றினேன். இரட்டைக் கம்பி. மீட்டரில் 0.3. ரூபன் சொன்ன 0.2-க்கு மேலேதான் இருக்கிறது. போட்டுக்கொண்டேன்.

மே 3, செவ்வாய்
சிகரெட்: 0

லீலா கேட்டாள்: "பழைய பெட்டி எங்கங்க?" கொடுத்துவிட்டேன் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

மே 7, சனி
சிகரெட்: 0

ரூபன் கடை வாசலில் நிறுத்திப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, கம்பி வாங்கிட்டுப் போயி நீங்களே காயில் சுத்துறீங்க போல. குடுங்க, என் ஓம்ஸ் ரீடர்ல ஒரு தடவ போட்டுப் பார்த்துருவோம். ரெண்டு நிமிஷம்தான்." லீலா காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது.

ஆபரேஷனுக்கு இன்னும் பதின்மூன்று நாள். ராசியில்லாத எண் என்று வெள்ளைக்காரன்தான் சொல்வான், நமக்கென்ன.

மே 10, செவ்வாய்
சிகரெட்: 0

லீலா ஒரு பையை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கைலி, எண்ணெய், சீப்பு. எனக்கும் ஒரு பை. என் பையில் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள் மட்டும்தான், வயிற்றுத் தையலில் உரசாமல் இருக்கட்டும் என்று யோசித்து எடுத்திருக்கிறாள்.

அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். கோடு போட்ட பாட்டிலில் காலையில் நான் ஊற்றி வைப்பேன். மாத்திரைக்கு ஒரு வாய், சாப்பாட்டுக்கு ஒரு வாய், மீதிக்கு ஐஸ் துண்டைச் சப்புவாள். இன்று சொன்னாள்: "எல்லாம் முடிஞ்சி வந்தொன்ன பெரிய கிளாஸ்ல தே தாரே டீ ஒண்ணு ஊத்திக்குவேங்க. கடைசி சொட்டு வரைக்கும். நீங்க அளக்கவே கூடாது."

சரி என்றேன். குளியலறைக்குப் போய்க் குழாயை இழுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கும்.

மே 14, சனி
சிகரெட்: 0

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு டயாலிசிஸ் முடிந்தது. லீலா வழக்கம்போலச் சோர்ந்துபோய் முன் இருக்கையில் சாய்ந்திருந்தாள். ஊசி போட்ட இடது கையில் கட்டு. நான் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குழாயை நடுவில் கப் வைக்கிற குழியில் நிற்க வைத்தேன். வளையத்தைத் திருப்பினேன். திருப்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மேரு சாலையில் குழிகள். வண்டி குலுங்கியது. சிக்னலுக்கு முன்னால் பஞ்சு கருகுகிற வாசம் வந்தது. இஞ்சினில் ஏதோ என்று நினைத்து மீட்டர்களைப் பார்த்தேன். லீலாதான் முதலில் கண்டாள். "ஏங்க, பொகை!" குழாயின் வாய் சிவப்பாக இருந்தது. உள்ளேயிருந்து சீறுகிற சத்தம்.

எனக்கு எல்லாம் தெரியும். பேட்டரி சீறினால் எத்தனை விநாடி, பிறகு என்ன ஆகும், எல்லாம். பத்தொன்பது வருஷம். ஆனால் நான் அசையவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லீலா வலது கையால் அதைப் பிடுங்கினாள். அலறினாள், ஆனால் விடவில்லை. கண்ணாடியை இறக்க வேண்டும், அந்தப் பொத்தானை ஊசி போட்ட கையாலேயே அமுக்கினாள். வெளியே வீசினாள். சாக்கடை ஓரத்தில் போய் விழுந்து படார் என்று வெடித்தது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் சறுக்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் உள்ளங்கையில் தோல் இல்லை.

மே 15, ஞாயிறு

எண்ணிக்கை எழுதப் பிடிக்கவில்லை.

சோறு ஊட்டினேன். நான்கு வாய்தான். என்னைத் திட்டவே இல்லை. திட்டினால் தேவலை.

மே 16, திங்கள்

டாக்டர் சுவா கட்டைப் பிரித்துப் பார்த்தார். மாற்றிவைத்த பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மருந்து கொடுப்பார்களாம். அப்போது இந்தக் காயம் ஆறாமல் இருந்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடுமாம். மே 20 கிடையாது.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் தோள் இரண்டும் இறங்கின. மூச்சு அடிவயிறு வரை போனது. லீலா பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள், எனக்கு லேசாக இருக்கிறது. இப்படியும் ஒரு மனுஷன். இதை எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

வெளியே வந்தபோது ஆபரேஷன் தேதிகளைக் கவனிக்கிற ஒருங்கிணைப்பாளர் பெண் ஓடி வந்தாள். யாரோ ஒருவர் விலகிவிட்டதால் ஜூலை 15 காலியாக இருக்கிறது. அதற்குள் கை ஆறிவிடும் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். வேண்டுமா என்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும், எங்களுக்கு அடுத்த வருஷம்தான். லீலா என்னைப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறோம் என்றேன். யோசிக்கிறேன் என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

மே 17, செவ்வாய்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, லீலாவை டயாலிசிஸுக்கு உள்ளே விட்டேன். பிறகு சாக்கடை ஓரத்தில் தேடினேன். குழாய் வாழைப்பூ மாதிரி பிளந்து கிடந்தது. மேல்பாகம் மட்டும் முழுசாக இருந்தது, காயிலோடு. ரூபனிடம் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

ரீடரில் வைத்தான். 0.11.

ரூபன் எடுத்துவிட்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்தான். "எதுல அளந்தீங்க?"

"மீட்டர்ல. பாயிண்ட் த்ரீ காட்டுச்சு."

"ஒயர கழிக்கலையா?"

அவன் ரீடரை அணைத்தான்.

"அண்ணே, தெரியாதவன் செஞ்சிருந்தா பாவம்னு விட்டுருவேன். உங்களுக்குத் தெரியும். பெட்டிய கையில குடுத்தேன், நீங்க திருப்பிக் குடுத்தீங்க. அன்னைக்கே ஏன்னு கேட்டிருக்கணும் நானு. வித்துட்டேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "அக்காவுக்குக் கை எப்படி லா இருக்கு?"

ஏப்ரல் 27 அன்று எழுதியதை இப்போது புரட்டிப் பார்த்தேன். ஒரே பக்கம். மேலே சுகுமாறனுக்குக் கழிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கீழே கழிக்காமல் 0.3 என்று எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு வரி இடம் மட்டும் விட்டிருக்கிறேன். வளையத்தையும் நான் திருப்பவில்லை.

மே 18, புதன்

லீலாவால் இப்போது தலை பின்ன முடியாது. சாயங்காலம் நான்தான் பின்னினேன். மூன்று காலும் மூன்று கனத்தில் போகிறது. அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றாள்.

சொல் என்றேன்.

"பெட்டி வச்சிருந்தீங்க. நல்லாதான் இருந்துச்சு. டாக்டர் உங்கள தனியா கூப்பிட்டாரே, அன்னைக்குச் சாயந்தரமே குழாயோட வந்தீங்க. நான் கவனிக்கலன்னு நெனச்சீங்களா?"

என் கை நின்றுவிட்டது. "பின்னுங்க" என்றாள். பின்னினேன்.

"அன்னைக்கு என்னையும் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு. உங்க வீட்டுக்காரர் மனசாரத்தான் குடுக்குறாரா, யாராச்சும் நெருக்குறாங்களான்னு. எனக்குத் தெரியும், நீங்க உள்ளுக்குள்ள நடுங்கறீங்கன்னு. தூக்கத்துல இடுப்பப் பொத்திக்கிட்டுப் படுக்குறீங்க, போன வருஷத்துலேருந்து. தெரிஞ்சும், ஆமா டாக்டர், மனசாரத்தான் குடுக்குறாருன்னு சொன்னேன். பொய் சொன்னேங்க."

"ஏன் லீலா?"

"எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதான். வேற ஒண்ணும் இல்ல."

அவள் குரல் உடையவில்லை. எனக்குத்தான் கண் மறைத்தது. பின்னலின் நுனி எது என்றே தெரியவில்லை.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. நான் டயாலிசிஸ்லயே ஓட்டிக்குவேன், எத்தனயோ பேரு ஓட்டுறாங்க. கோவில்ல யாரு என்ன பேசினா நமக்கென்ன. ஆனா இன்னொரு தடவ ஒரு சாமான வாங்கிட்டு வந்து, அது வாயால சொல்ல வைக்காதீங்க. உங்க வாயால சொல்லுங்க."

ரப்பர் பேண்டைப் போட்டேன். பின்னல் கோணலாக இருந்தது. அவள் எழுந்து போய்விட்டாள். நான் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

மே 19, வியாழன்

வேப் இல்லை, சிகரெட் இல்லை. மண்டை வெடிக்கிறது. வேலையில் இரண்டு பேரைத் திட்டி, இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு சுகுமாறனைத் தேடிப் போய் அவனிடமும் கேட்டேன். எதற்கு மன்னிப்பு என்று அவனுக்குப் புரியவில்லை.

மதியம் சிஸ்டர் நோர்லைலாவைப் போய்ப் பார்த்தேன். சூயிங்கம் என்று சொன்னது பொய், இரண்டு மாதமாக வேப் என்றேன். நட்சத்திரத்தைக் கிழிப்பார் என்று பார்த்தேன். அவர், "இன்றைக்கு முதல் நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள், இன்னும் எட்டு வாரம் இருக்கிறது" என்றார். "அதாவது, ஜூலை தேதி உங்களுக்கு வேண்டுமென்றால்" என்று சேர்த்துக்கொண்டார்.

மே 20, வெள்ளி

நடந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும்.

காலையில் லீலாவின் பாட்டிலில் தண்ணீர் ஊற்றினேன். கட்டு மாற்றினேன். புதுத்தோல் ஓரத்தில் மட்டும் ரோஜா நிறத்தில் வந்திருக்கிறது. வேலைக்குப் போகவில்லை. மணி மூன்று ஆனது, நான்கு ஆனது. லீலா ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தேதியைப் பற்றிப் பேசவும் இல்லை. தொலைக்காட்சியை ஓடவிட்டுச் சத்தத்தைக் குறைத்துவைத்திருந்தாள். எனக்குச் சட்டைக்குள் வியர்வை ஊற்றியது. முடியாது என்று சொன்னால் அவள் சொன்னபடியே கோபப்படமாட்டாள். நாளைக் காலை நான்தான் அவளைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்காரவைப்பேன். அடுத்த செவ்வாயும்தான். அந்த நாற்காலியில் அவளை நினைத்துப் பார்த்தேன். மேசையில் என்னையும் நினைத்துப் பார்த்தேன். எதையும் சிரித்துத் தள்ளாமல் இரண்டையும் நினைத்துப் பார்த்தது இன்றுதான்.

நான்கு நாற்பதுக்கு ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். அந்த ஒருங்கிணைப்பாளர் பெண்தான் எடுத்தாள்.

"ஜூலை 15 வேண்டும்" என்றேன்.

"நிச்சயம்தானே, மிஸ்டர் தேவராஜன்?"

"பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. டாக்டர் கேட்டபோது இதைச் சொல்லவில்லை. வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தேதியையும் நேரத்தையும் திருப்பிச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். லீலா தொலைக்காட்சியை அணைத்திருந்தாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"ஜூலை பதினஞ்சு" என்றேன்.

"அதில்ல. முன்ன சொன்னீங்களே, அத."

"பயமா இருக்கு, லீலா."

"எனக்கும்" என்று சொல்லிக் கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்தாள். ஐந்து மணி அடித்ததை நாங்கள் கவனிக்கவில்லை.